ஒரே பேல் பஞ்சு

இந்தப் படத்துல தாரை வார்த்துக் குடுக்கிறது பொண்ணோட அப்பா இல்ல அண்ணாச்சி. நல்லாப் பாத்துக்கிடுங்க. பொண்ணோட அப்பா நான். சிவசைலம். இந்தா ஒங்க முன்னால ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்லா, இந்த ஆளு. படத்துல நிக்கிறவன் என் தம்பி ஆவுடையப்பன். பக்கத்துல மூக்கு வச்ச கிண்டிச் செம்புல இருந்து தண்ணி ஊத்துறது அவன் பொண்டாட்டி. ஆல்பத்துல இது முழுப் பக்கத்துக்கு வரணும்னு எம்மக சௌம்யா பெங்களூர்ல இருந்து ஒங்களுக்குப் போன் போட்டுச் சொன்னாளாமே. சொல்லியிருப்பா. வரட்டும், முழுப் பக்கத்துக்கே வரட்டும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? தலையை மட்டும் மாத்தணும்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. ஒங்களால முடியாததா? கட்சிக்காரன் போஸ்டருக்கு எவன் தலையையோ எவன் உடம்புலயோ ஒட்டி, மேக்கொண்டு கையில ஒரு வெள்ளி வேலும் குடுத்து அனுப்புதீங்க. பெத்த தகப்பன் தலையை ஒட்டுறதுக்கு மட்டும் யோசிக்கீங்க. என் போட்டோ கையோட கொண்டாந்திருக்கேன். பத்து வருசத்துக்கு முந்தி பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அப்ப தலை தன்னால கறுப்பா இருந்துச்சு. இப்ப இந்தத் தொப்பிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்காதீங்க. மொட்டை. தெருவுல பாக்கிறவன் எல்லாம் திருச்செந்தூரான்னு கேக்கான். ஆமாம்னு சொல்லிருதேன். வேற என்னத்தச் சொல்ல?

கல்யாணத்தன்னைக்கு எங்க போயிருந்தீங்கன்னுதான கேக்கீங்க? மண்டபத்துலதான் இருந்தேன். மாடியில, காய்கறி அடுக்கி வச்சிருந்தாங்கள்லா, அந்த ரூம்ல. அன்னைக்கு என் மூஞ்சிக்கும் அங்கன கெடந்த பூசணிக்காய்க்கும் பெரிய வித்தியாசம் கெடையாது. சமையக்காரரு ஒருதடவை உள்ள வந்து என்னைப் பாத்துட்டு, கத்தியைக் கீழ வச்சுட்டுப் போயிட்டாரு.

எல்லாம் எங்க சம்மந்தியால வந்த வினை. தூத்துக்குடிக்காரரு. நிச்சயதார்த்தத்துக்கு வந்தாரு பாருங்க, எனக்கு ஒரு வயசு மூத்தவரு, தலை என்னமா கறுப்பு! மீசை அதுக்கு மேல கறுப்பு. அவர் பக்கத்துல நான் வெள்ளைத் தலையோட நிக்கேன். அவங்க பக்கத்துல ஒரு அம்மா, வந்த எடத்துல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, எங்க வீட்டுக்காரிகிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? "பொண்ணோட தாத்தா இந்த வயசுலயும் நல்லாத் திடமா இருக்காரே"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரி பகவதி அதை மறுத்துச் சொல்லியிருக்கணும்லா? சிரிச்சிருக்கா. சிரிச்சது போக, வீட்டுக்கு வந்து எனக்கு வேற சொல்லுதா. ஒருவாரம் காப்பி குடுக்கும்போதெல்லாம் தாத்தா, தாத்தான்னே குடுத்தா.

அப்பதான் முடிவு பண்ணேன். எம்மக கையைப் புடிச்சுக் குடுக்கும்போது நான் அவளுக்கு அப்பனா நிக்கணும். போட்டோவைப் பாத்து நாளைக்கு எவனும் தாத்தான்னு சொல்லப்பிடாது. ஒத்தப் பொண்ணு அண்ணாச்சி. இதுக்காகத்தான காத்துக் கெடந்தேன். அந்த ஒரு நிமிசம் கறுப்பா நிக்கணும்னு நெனச்சது ஒரு குத்தமா?

சலூன்ல போயி அடிக்கலாம். ஆனா ஊருக்கே தெரிஞ்சு போகும். அதனால கடையில டப்பா வாங்கிக்கிட்டு வந்து வீட்லயே அடிச்சுக்கிடுவோம்னு இருந்தேன். டப்பாவுக்குள்ள ஒரு தாளு. மடிச்சு மடிச்சு வச்சிருக்கான், விரிச்சா துண்டு அகலத்துக்கு வருது. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. ஒலகத்துல இத்தனை பேரு டை அடிக்கான், அந்தத் தாளைப் படிச்சவன் எவனாவது உண்டா? கையுறையை எடுத்துக்கிட்டு தாளை வீசிருவான். நான் படிச்சேன். லென்ஸு வச்சுப் படிச்சேன். மில்லுல காலம் பூரா பஞ்சு தரம் பாத்தவன் நான். பாக்காம எதையும் உள்ள விட மாட்டேன்.

தாளுல என்ன போட்டிருக்கான்? அடிக்கிறதுக்கு முந்தி ஒரு சொட்டு எடுத்து முழங்கை மடிப்புல உள்பக்கமாத் தடவணும். ரெண்டு நாளைக்குக் கழுவப்பிடாது. அரிப்பு, செவப்பு, வீக்கம், இதுல எது வந்தாலும் அந்த டையைத் தொடவே கூடாது. ஒண்ணும் வரலைன்னா தாராளமா அடிச்சுக்கிடலாம். இவ்வளவுதான். நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா யாரு கையிலன்னு எழுதலையே! நீங்களே சொல்லுங்க, எழுதியிருக்கணுமா வேண்டாமா?

பகவதி சொன்னா, "ஒங்க தலைக்குத்தான அடிக்கப் போறீங்க, ஒங்க கையில வச்சுப் பாக்க வேண்டியதுதான"ன்னு. அவளுக்கு எதுவும் வெளங்காது. அந்த வாரம் பூரா நான் பத்திரிகை வைக்கப் போகணும். வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தாம்பாளத்துல வச்சு ரெண்டு கையாலயும் நீட்டணும். முழங்கையில கரியைப் பூசுன மாதிரி ஒரு கறையோட ஒரு வீட்டுப் படியேற முடியுமா? கழுவவும் கூடாதாம். பொண்ணைப் பெத்தவன் அழுக்குக் கையோட வந்தான்னு ஆகிரும்லா?

அப்பத்தான் மில்லு ஞாபகம் வந்துச்சு. பஞ்சு பேல் பேலா, பெரிய பெரிய பொதியாக் கட்டி, லாரியில வந்து இறங்கும். ஒவ்வொண்ணையும் பிரிச்சா பாக்க முடியும்? ஒரு பேல்ல ஓரமா ஒரு பிடி இழுத்துப் பாப்போம். அந்தப் பிடி நல்லா இருந்தா பேல் பூரா நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்க மேனேஜரே வந்து மறுத்துப் பேச முடியாது. நானும் ஆவுடையும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒரே ரத்தம், ஒரே தோலு. ஒரே பேலு அண்ணாச்சி! அவன் ஓரமா ஒரு பிடி, அவ்வளவுதான்.

சும்மா சொல்லக் கூடாது, எம்மேல அவனுக்கு உசிரு. எனக்கும் அவன்னா அப்பிடித்தான். சின்ன வயசுல இருந்தே எதுன்னாலும் அவனைத்தான் முன்னால விடுவேன். ஆத்துல புதுத் தண்ணி வந்தா அவனைத்தான் முதல்ல எறங்கச் சொல்லுவேன். ஒருதடவை இழுத்துக்கிட்டுப் போயி, துணி தொவைக்கிறவங்க புடிச்சுக் கரையில போட்டாங்க. அன்னைக்கு நான் எறங்கவே இல்ல. பரீட்சை மார்க் வந்தா, அப்பா என்ன மூடுல இருக்காருன்னு பாத்துட்டு வாலன்னு அவனை உள்ள அனுப்புவேன். அடி விழுற சத்தம் கேட்டா நான் அப்பிடியே கோயில் பக்கம் போயிருவேன். எனக்குக் கல்யாணம் பேசும்போதுகூட, பொண்ணு எப்பிடின்னு அவனைத்தான் சைக்கிள்ல போயிப் பாத்துட்டு வரச் சொன்னேன். அந்த வீட்டு நாயி கடிச்சு வச்சிருச்சு. கொரோனா ஊசி வந்துச்சுல்லா, ஊர்ல எல்லாரும் பயந்துக்கிட்டு இருந்த நேரம். ஆவுடையைக் கூட்டிக்கிட்டுப் போயி முதல் ஆளாப் போட வச்சேன். மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தான். எந்திரிச்சு வேலைக்குப் போனதும் நானும் போயிப் போட்டுக்கிட்டேன். எந்த அண்ணன் தம்பிக்கு இப்பிடி முதல் எடம் குடுப்பான்?

சனிக்கிழமை அவனை வரச் சொன்னேன். அவனுக்கு டவுன்ல ஜவுளிக்கடையில வேலை, நாளு பூரா சேலை விரிச்சுக் காட்டணும். வந்தான். "கையை நீட்டுல"ன்னேன். முழுக்கைச் சட்டையை மடக்கி நீட்டினான். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே! மாட்டான். தடவி முடிச்ச பெறகுதான், "என்னதுண்ணே இது"ன்னு கேட்டான்.

"டை. ஒனக்கு ஒத்துக்கிடுதான்னு பாக்கேன்."

"நான் டை அடிக்கலையேண்ணே."

"நான் அடிக்கப் போறேன்லா. நீ ரெண்டு நாளைக்குக் கழுவாத."

"கடையில முகூர்த்தக் கூட்டம்ண்ணே. வேர்த்து ஊத்தும்."

"வேர்க்காம வேலை பாரு"ன்னேன். சரிண்ணேன்னு சட்டையை எறக்கி விட்டுக்கிட்டுப் போயிட்டான். தங்கமான பய.

மறுநாள் போன் போட்டேன். "என்னல, ஒண்ணும் இல்லேல்லா?" "ஒண்ணும் இல்லண்ணே." அதுக்கு மறுநாளும் போட்டேன். "ஒண்ணும் இல்லேல்லா?" "இருங்கண்ணே"ன்னுட்டு போனைக் கீழ வச்சான். கடையில ஆளு நிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். பெறகு, "ஒண்ணும் இல்லண்ணே"ன்னான். முடிஞ்சு போச்சு. சாம்பிள் பாஸு. ரெண்டு தடவை வாயால கேட்டு வாங்கியாச்சு. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன ஜாக்கிரதையா இருக்க முடியும்?

கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி அடிச்சேன். தலைக்கு அடிச்சேன், மீசைக்கு அடிச்சேன். கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு. வாங்குன பொருளை வீணாக்குறதான்னு புருவத்துக்கும் இழுத்துவிட்டேன். புருவத்துக்கு ஆகவே ஆகாதுன்னு தாளோட அந்தப் பக்கத்துல போட்டிருந்தானாம். ஒரு தாளுன்னா ஒரு பக்கத்துல எழுதணும். எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு வந்து முக்கியமானதைக் கொண்டு போயி முதுகுல எழுதுனா, அது யாரு தப்பு?

கழுவிட்டுக் கண்ணாடியைப் பாத்தேன் அண்ணாச்சி. மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். பொய் சொல்லல. பகவதிகூட ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போனா. அவ ஒண்ணும் சொல்லாமப் போனாலே நல்லா இருக்குன்னு அர்த்தம்.

ராத்திரி லேசா அரிச்சுச்சு. கொசுன்னு நெனச்சேன். காலையில எந்திரிச்சேன், விடியவே இல்ல. என்னடா இன்னும் இருட்டா இருக்கேன்னு பாத்தா, கண்ணைத் தொறக்க முடியல. ரெண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக் கெடக்கு. மேல் ஒதடு மூக்கை இடிக்கி. நெத்தியில இருந்து தண்ணியா வடியுது. பகவதி போட்ட சத்தத்துல பந்தல்காரன் ஏணியில இருந்து எறங்கிட்டான்.

டாக்டர்கிட்ட கொண்டு போனாங்க. சின்ன வயசுக்காரரு. "கையில வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா"ன்னாரு. "பாத்தேன் டாக்டர், ரெண்டு நாள் வச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல"ன்னேன். அவருக்கு ஆச்சரியம். "அப்பிடி ஆகாதே, எந்தக் கையில வச்சீங்க, காட்டுங்க"ன்னாரு. "கை வரல டாக்டர், கடையில இருக்கு"ன்னேன். பெறகு வெவரத்தைச் சொன்னேன். அங்கன நின்ன நர்ஸம்மா வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாங்க. டாக்டர் சொல்லுதாரு, "நாளைக்கு ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கான்னு பாக்கிறதுக்கு ஒங்க தம்பி ரத்தத்தைக் கொண்டு வருவீங்களோ? அவருக்கு ஒத்துக்கிட்டா ஒங்களுக்கு ஒத்துக்கிடும்னு யாரு சொன்னா?" நாலு எழுத்துப் படிச்சுட்டா நக்கலுக்குக் கொறைச்சல் இல்ல. ஊசியைப் போட்டாரு, மாத்திரை குடுத்தாரு, புண்ணு ஆறணும்னு முடியையும் மழிக்கச் சொன்னாரு. கண்ணு தெறக்க நாலஞ்சு நாள் ஆகும்னு சொல்லிட்டாரு.

நான் அந்தக் கோலத்துலயும் மணவறைக்குப் போறதுன்னுதான் இருந்தேன். பட்டு வேட்டி கட்டி, என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். மண்டபத்து வாசல்ல சம்மந்தி வீட்டு ஆளுக பாத்துட்டாங்க. தாத்தான்னு சொன்னாங்கள்லா, அதே அம்மாதான். "ஐயோ, இவங்களுக்கு அம்மன் விளையாடியிருக்கா, வேப்பிலை வைக்காம இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்களே"ன்னு ஒரே சத்தம். மாப்பிள்ளைப் பையனுக்கு அம்மை போட்டதே இல்லையாம், ஒட்டிக்கிடுமாம். இது அம்மை இல்ல, டைன்னு எங்க சனம் சொல்லுது. அம்மைன்னா மரியாதையாவது மிஞ்சியிருக்கும். டைன்னதும் கூட்டத்துல சிரிக்கான். டாக்டர் சீட்டைக் காட்டியும் அவங்க நம்பல. வீங்கின மூஞ்சியோட மணவறைக்கு வேண்டாம், நல்ல காரியம்னு சம்மந்தியே வந்து தன்மையாச் சொல்லிட்டாரு. கறுப்பு மீசைக்காரரு.

தாரை வார்த்துக் குடுக்க அப்பன் முறையில ஆளு வேணும். சித்தப்பன் இருக்கான்லா, அவனும் அவன் பொண்டாட்டியும் நிக்கட்டும்னு பெரியவங்க முடிவு பண்ணாங்க. நான் நிக்கலைன்னா எங்க வீட்டுக்காரியும் நிக்க முடியாது. அவ பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னாளாம். அன்னைல இருந்து எனக்குக் காப்பியைக் கையில தர்றதில்ல, டம்ளரை வச்சுட்டுப் போயிருதா.

நான் மாடியில காய்கறிக்கு நடுவுல உக்காந்திருந்தேன். கெட்டி மேளம் காதுல விழுந்துச்சு. எம்மக கல்யாணத்துல நான் பாத்தது அவ்வளவுதான் அண்ணாச்சி. அழலாம்னு பாத்தா கண்ணீர் வர்றதுக்குக்கூட வழி இல்லாம ஒட்டிக் கெடந்துச்சு. எவனோ செஞ்ச மாதிரி ஆகிப் போச்சு எம்மக கல்யாணம். அதான் கேக்கேன், இந்த ஒரு படத்துல மட்டும் எந்தலையை வச்சுக் குடுங்க.

ஆங், அப்பிடித்தான். கழுத்தை வெட்டி எடுங்க. சட்டை இல்லாம துண்டு மட்டும் போட்டிருக்கான், அதனால காலர் தொந்தரவு இல்ல. கை ரெண்டும் முன்னால நீட்டியிருக்கு, அது மேல எம்மக கை. அதைத் தொடாதீங்க. எம்மக சொன்னா, தண்ணி ஊத்தும்போது சித்தப்பா பாசத்துல அழுதுட்டாங்கன்னு. அவன் அழுமூஞ்சிதான்.

கொஞ்சம் பெருசாக்குங்க. இது என்ன, முழங்கை மடிப்புல? கறுப்பா? ஒங்க லென்ஸுல அழுக்கா? இல்லையா? இன்னும் பெருசாக்குங்க. தோலு உரிஞ்சு, ஓரமெல்லாம் செவந்து, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கே! கொப்புளம் ஒடைஞ்ச மாதிரி இருக்கே அண்ணாச்சி. நான் ஒரு சொட்டுத்தான வச்சேன்?

இருங்க, போன் போடுதேன்.

ஏல ஆவுடை. கடையிலயா இருக்க? கையில என்னல அது? முழங்கையில. போட்டோவுல இருக்குல்லா! என்னது? எப்ப இருந்து? அன்னைக்கே சாயந்தரமா? தண்ணி வடிஞ்சுதா? பெறகு எந்த வாயால ஒண்ணும் இல்லன்னு சொன்ன? ரெண்டு தடவை கேட்டேன்லா? என்ன? சத்தமாச் சொல்லு. என்னல இது பேச்சு? சரி, வையி. வையி போனை.

என்ன சொல்லுதான் தெரியுமா? ஏம்ல சொல்லலைன்னு கேட்டா, "எனக்கு வந்ததெல்லாம் ஒங்களுக்கு வந்ததில்லையேண்ணே, இதுவும் வராதுன்னு நெனச்சுட்டேன்"ங்கான். இது ஒரு பதிலா? எதுல என்ன வந்துச்சு இவனுக்கு? கல்யாண நேரத்துல ஒங்க மனசைக் கெடுக்க வேண்டாம்னு கைக்கு மருந்து தடவி சட்டையை எறக்கி விட்டுக்கிட்டேன்னு வேற சொல்லுதான். அவன் ஒரு வார்த்தை வாயைத் தொறந்திருந்தா மணவறையில நான் நின்னிருப்பேன்லா? எடத்தைப் புடிச்சுக்கிட்டவன் அவன், இதுல எம்மனசைக் காப்பாத்துனானாம்.

ஆனா ஒண்ணு பாத்தீங்களா அண்ணாச்சி? என் கணக்குத் தப்பல! அவனுக்கும் வந்திருக்கு, எனக்கும் வந்திருக்கு. ஒரே பேலுதான். அந்த டாக்டர் என்ன பேச்சுப் பேசுனாரு! இந்தப் படத்துல ஒரு காப்பி தனியாப் போட்டுக் குடுங்க, நேரா அவர் மேசையில கொண்டு போயி வைக்கேன். டெஸ்ட்டு சரி. சொல்ல வேண்டியவன் சொல்லல, அவ்வளவுதான்.

சரி, தலையைப் பாப்போம். நல்லாப் பொருந்துதே! நானே நிக்கிற மாதிரி இருக்கு. இந்தக் கைதான் இடிக்கி. அந்தப் புண்ணை அழிச்சிருங்க. எங்கையில அப்பிடி எதுவும் கெடையாது, இந்தாப் பாருங்க, ஒரு கீறல் உண்டா? ஆங், இப்ப சரி. தோலு வழுவழுன்னு வந்திருச்சு.

பொறுங்க, பொறுங்க, எம்மகளுக்கு அனுப்பிராதீங்க! அவ கோவக்காரி. சித்தப்பாவை எடுத்துட்டீங்களான்னு ஆடித் தீத்துருவா. முதல் முதல்ல அவளுக்கு அனுப்பக் கூடாது. ஆவுடை நம்பர் சொல்லுதேன், இதை அவனுக்கு வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க. ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம். அவன் ஒண்ணும் சொல்லலைன்னா பெறகு எம்மகளுக்கு அனுப்பிக்கிடலாம். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான் அண்ணாச்சி.